குண்டை உருக்கி வார்த்த கரண்டி: வாங்கலாமா?

2024 ஜனவரியில் லாவோஸில் வாங்கியபோது விலை 20,000 கிப், அந்த ஊர்ப் பணம். அன்று நம் பணத்தில் சுமார் 80 ரூபாய். நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 34 கிராம். சுத்தமான கைவேலை. பிடிக்கும் இடத்தில் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். குழிவில் ஒரே ஒரு காற்றுத் துளை, அதுவும் குண்டூசி முனை அளவு. அடிப்புறத்தில் எழுத்து ஏதும் இல்லை. அந்த எழுத்தில்லாத அடிப்புறம்தான் என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது.

கோவை கணபதியில் 38 ஆண்டுகள் அலுமினிய வார்ப்பட்டறை நடத்தியவன் நான். பம்பு மூடி, கிரைண்டர் அடித்தட்டு, மோட்டார் உறை என்று எதை வார்த்தாலும், உள்பக்கம் எங்கள் இரண்டெழுத்தும் அச்சு எண்ணும் மாதமும் புடைப்பாக இருக்கும். எழுத்தில்லாத உருப்படி வாசலைத் தாண்டாது. எங்கோ தென்காசிப் பக்கம் ஒரு மூடி விரிசல் விட்டால், எந்த மாதம், எந்த அச்சு, அன்று உலையில் யார் நின்றார்கள் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். பட்டறை இப்போது தம்பி மகன் கையில். எனக்குப் பார்ப்பதை எல்லாம் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மிச்சம். ஓட்டலில் டம்ளரைக்கூடக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பேன் என்று மகள் சொல்லிச் சிரிப்பாள்.

2024 ஜனவரியில் அவள்தான் லாவோஸுக்கு அழைத்துப் போனாள். அவளுக்குக் கோயில்களும் மலைகளும். எனக்குக் கிடைத்தது போன்சவான். சியங்குவாங் மாகாணத்தின் தலைநகரம், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், இரவில் நீலகிரியைப் போலக் குளிர். வியன்டியானிலிருந்து சிறிய விமானம் உண்டு. நாங்கள் லுவாங் பிரபாங்கிலிருந்து வேனில் போனோம். காலையில் ஏறினால் மாலைதான் இறங்க முடியும், வழியெல்லாம் வளைவு. வயிறு லேசானவர்கள் விமானத்திலேயே போங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. ஊரின் பெரிய சாலையில் ஒரு பரிசுப்பொருள் கடை. பெயர் வேண்டாம். குண்டு வடிவச் சாவிக்கொத்து, "அசல் குண்டு உலோகம்" என்று அட்டை, விலை கரண்டியைப் போல மூன்று மடங்கு. பேரன் கேட்டான், வாங்கிவிட்டேன். அறைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு மயிரிழை போல நேராக ஓடுகிறது; பின்பக்கம், உருப்படியை அச்சிலிருந்து வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னின் வட்டத் தழும்புகள் நான்கு. கையில் கனம் வேறு. துத்தநாகக் கலவை, உருகிய உலோகத்தை அழுத்தி அச்சுக்குள் செலுத்தும் பெரிய பிரஷர் டை காஸ்டிங் எந்திரத்தில் நிமிடத்துக்குப் பத்து என்று துப்பியது. இந்த மலையில் அந்த எந்திரத்துக்கு வேலையே இல்லை. எந்த ஊர்க் கப்பலில் வந்ததோ! மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் சிரித்தபடி "நோ, நோ" என்றார். போகட்டும். அடிப்புறத்தைப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

கரண்டியை வாங்கியது பான் நபியா கிராமத்தில். போன்சவானிலிருந்து வழிகாட்டியோடு போகலாம். 1970களிலிருந்து அங்கே சில குடும்பங்களுக்கு இதுதான் தொழில். வீட்டுப் பின்புறத்தில் களிமண் அடுப்பு, விறகுத் தீ, அதன்மேல் உருக்கும் சட்டி. அச்சு எதுவென்று குனிந்து பார்த்தேன்: மரச் சட்டத்துக்குள் கெட்டித்த சாம்பல்! இரண்டு பாதி, நடுவே கரண்டியின் வடிவம் பள்ளமாக. நம் ஊரில் மணலில் பென்டோனைட் என்ற ஒட்டுக் களிமண் கலந்து, ஈரம் பார்த்து, இடித்து, காற்றுப் போக ஊசி குத்தி என்னென்ன பாடு! இங்கே சாம்பல். ஈரமில்லை, எனவே ஆவி இல்லை, உலோகத்தோடு ஒட்டாது, அடுப்பிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அம்மாள் என்னைவிட மூத்தவராக இருக்கலாம். நீண்ட காம்பு வைத்த அகப்பையால் மொண்டு ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள் சட்டத்தைத் திறந்தார். கரண்டியைக் குச்சியால் தட்டி எடுத்துக் கத்தியால் பிசிறு சீவினார். ஊற்றும்போது கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. சட்டிக்கு மேல் மிதந்த கசடை ஒதுக்கிவிட்டுத் தெளிந்த இடத்தில் மொண்டார். என் பட்டறையில் இதைக் கற்றுக்கொடுக்கப் பையன்களுக்கு ஆறு மாதம் ஆகும்.

வழிகாட்டிப் பையன், "ஐயா, இது குண்டை உருக்கிச் செய்கிற கரண்டி" என்றான்.

"எந்தக் குண்டு தம்பி? குண்டின் உறை எஃகு. எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். இந்த விறகு அடுப்பில் 700, 800 வரும். அலுமினியத்துக்கு 660 போதும்."

அவன் அந்த அம்மாளிடம் கேட்டான். அவர் எழுந்துபோய் ஒரு கோணிச் சாக்கை இழுத்து வந்தார். உள்ளே வெளிச்சக் குண்டுகளின் குழாய், விமானத்தின் தகடு, குண்டுத் திரியின் மூடி, ஆணியடித்த வளைந்த துண்டுகள். ஆக, "குண்டுக் கரண்டி" என்பது பாதி உண்மை. வானத்திலிருந்து விழுந்த எல்லாவற்றிலும் அலுமினியமாக இருந்தவை மட்டும் கரண்டியாகின்றன. எஃகு உறைகள் வேறு வேலைக்குப் போகின்றன. வழியெல்லாம் வீட்டுக்குத் தூணாகவும் வேலிக்காலாகவும் நிற்கின்றன. நீளவாக்கில் பிளந்த ஓர் உறையில் மண் நிரப்பி வெங்காயத் தாள் பயிரிட்டிருந்தார்கள்.

சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பினேன். பச்சை வண்ணத்தின்மேல் மஞ்சள் எழுத்து, பாதி சுரண்டிப் போயிருந்தது. "லாட்" என்ற சொல் மட்டும் தெளிவு; ஒரே தொகுதியாகச் செய்த உருப்படிகளுக்குப் போடும் எண்ணின் முன்னால் வரும் சொல். அதற்குப் பின் ஓர் எழுத்து, ஓர் இடைக்கோடு, பிறகு வெற்றுத் தகடு. போன் எடுத்துப் படம் பிடித்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, துண்டை வாங்கிச் சட்டியில் போட்டார். நான்கு நிமிடத்தில் அது போனது.

அதுவரை எனக்கு லாவோஸ் போர் ஒரு கணக்கு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்களின் 5,80,000 குண்டுவீச்சுப் பயணங்கள். 20 லட்சம் டன்னுக்கு மேல். கொத்துக்குண்டின் சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி, அவற்றில் ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கியவை. வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றும் மேக் அமைப்பின் தகவல் மையம் போன்சவானில் இருக்கிறது; காசில்லாமல் பார்க்கலாம், மாலையில் படம் போடுகிறார்கள், கட்டாயம் போங்கள். பழங்காலக் கல் தாழிகள் நிற்கும் வெளியில் அவர்கள் பதித்த கற்களின் வெள்ளைப் பக்கமாகவே நடக்க வேண்டும், சிவப்புப் பக்கம் மேற்பரப்பை மட்டும் பார்த்த நிலம், அடிமண்ணைத் தேடவில்லை. எண்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் லாட் நம்பர் என்ற சொல்லைப் பார்த்ததும் அது என் தொழிலாகிவிட்டது. லாட் நம்பர் இருந்தால் பட்டறை இருக்கிறது. பட்டறை இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கிறது. மேஜையில் ஒருவர் உட்கார்ந்து, நூறு பீஸுக்கு என்ன விலை, எத்தனை சதவீதம் கழிவு என்று பேசியிருக்கிறார்.

அன்று இரவு விடுதி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெடிமருந்து நீக்கிய சிறுகுண்டு ஒன்று இரண்டு பாதியாகக் கிடந்தது. பிஎல்யு-26. லாவோஸ்காரர்கள் "பொம்பி" என்கிறார்கள். டென்னிஸ் பந்து அளவு. மேலே வாழைப்பூ மடலைப் போலச் சாய்ந்த விளிம்புகள். விழும்போது காற்று அவற்றைச் சுழற்றும், சுழல்வதால் உள்ளே திரி தயாராகும். இரண்டு அரைக்கோளத்தையும் ஒரு வளையம் கவ்விப் பிடிக்கிறது. சுவருக்குள்ளே சைக்கிள் பேரிங் குண்டு மாதிரி நூற்றுக்கணக்கான எஃகு உருண்டைகள், வரிசை தப்பாமல் புதைந்திருந்தன. உருண்டைகளை அச்சுக்குள் நிறுத்தி வைத்து, உலோகத்தை அவற்றைச் சுற்றிப் பாயவிட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பம்பு மூடியில் எஃகுப் புஷ், அதாவது சிறு குழல் வளையம், வைத்து வார்ப்போமே, அதே வித்தை. எங்களுக்கு ஒரு புஷ் நேராக நிற்கவே தகராறு. இது எத்தனை நூறு!

"செய்தவன் தொழில் தெரிந்தவன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சிபியு-24 என்ற கொத்துக்குண்டின் ஒரே உறைக்குள் இப்படி 670 வரை அடைத்துப் போட்டார்கள்.

ஊருக்கு வந்து தேடத் தொடங்கினேன். தேடுவதற்கு நான் பயன்படுத்திய சேவை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இந்த மதிப்புரையில் பாதி அதற்குச் சேர வேண்டியது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், 1965 ஜூலை முதல் 1975 ஜூன் வரை தம் படைகள் போட்ட கொள்முதல் ஒப்பந்தங்களின் கணினிப் பதிவை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. காசு இல்லை. பெயர் பதிய வேண்டாம். கோவையில் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இன்னொரு நாட்டின் படை யாருக்கு எவ்வளவு ஆர்டர் கொடுத்தது என்று பார்க்கலாம். நம் ஊரில் பக்கத்துத் தெருச் சாக்கடை ஒப்பந்தத்தை யார் எடுத்தார் என்று தெரிந்துகொள்ள மனு போட்டுவிட்டு எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது வேறு கதை.

எடுத்த எடுப்பில் புரியாது. எல்லாமே குறியீடு. சாவி ஒன்று உண்டு: அமெரிக்க அரசுக் கொள்முதலில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் நான்கு இலக்க எண். 1325 என்றால் குண்டுகள். 1390 என்றால் வெடித்திரிகள். அந்த எண்ணைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக வருகிறது. ஒப்பந்ததாரர், வேலை நடந்த இடம், தொகை. நான்கைந்து இரவு உட்கார்ந்தேன். மகள் குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். கேலண்டர் ஆணியில் மாட்டிவிட்டேன்.

பட்டறைக்காரனுக்கு ஒன்று உடனே உறைக்கும். இதில் இருப்பது நேரடி ஒப்பந்தம் மட்டும். அந்தக் காலத்தில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். ஆர்டர் எடுத்தவர் வெளியே கொடுத்த ஜாப் ஒர்க் இதில் ஏறாது. பொம்பியைப் பிரித்துப் பாருங்கள்: உருண்டை ஓர் ஆலை, அரைக்கோளம் ஓர் ஆலை, திரி வேறு, வளையம் வேறு, 670ஐயும் சுமக்கும் பெரிய உறை வேறு. வெடிமருந்து நிரப்புவது தனி. அரசுக்குச் சொந்தமாக இருந்து தனியார் நடத்திய வெடிமருந்து ஆலைகள் இருந்தன. நானே ஒரு பெரிய பம்பு கம்பெனியின் பெயர் பொறித்த மூடிகளை இருபது ஆண்டு வார்த்தேன். அதில் என் பெயரைத் தேடினால் உள்பக்கம் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "குண்டை யார் செய்தது" என்ற கேள்விக்கு ஒரு பெயர் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பட்டறைப் பக்கம் வராதவர்கள்.

ஆனால் இதை எனக்கு முன்பே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே தேடியவர்கள் இருந்தார்கள். பாஸ்டனில் ஆலிஸ் டெப்பர் மார்லின் என்ற பங்கு ஆய்வாளர். யூதர்களின் வழிபாட்டு மன்றம் ஒன்று, போர்த் தளவாடம் செய்யாத கம்பெனிகளின் பங்குகளாகப் பார்த்துத் தேர்ந்து கொடுங்கள் என்று கேட்டது. யார் செய்யவில்லை என்று சொல்ல, யார் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே! அப்படித் தொடங்கிய வேலை பெருகி, அவர் 1969இல் ஓர் ஆய்வு மன்றத்தையே நிறுவினார். 1970இல் ஆள்கொல்லிக் குண்டு செய்பவர்களின் விவரம் அச்சில் வந்தது. பிலடெல்பியாவில் குவேக்கர் சமயத்தவரின் சேவைக் குழுவும் 1969இல் இதற்கென்றே ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது சார்லஸ் பில்ஸ்பரி. ஆம், நம் மளிகைக் கடைகளில் ஆட்டா மாவுப் பொட்டலத்தில் இருக்கும் அதே பில்ஸ்பரி குடும்பம். மினியாபொலிஸ்காரர். தம் ஊரின் ஹனிவெல் நிறுவனம் ஆள்கொல்லிச் சிதறு குண்டுகளுக்குப் பெரிய அரசு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று 1969 ஜூலையில் ஒரு கூட்டத்தில் கேள்விப்படுகிறார். அதே மாதம் 100 பங்கு வாங்குகிறார். பிறகு, தம் பெயரில் ஒன்று. பங்குதாரன் நான், பங்குதாரர் பட்டியலையும் ஆயுதத் தயாரிப்புப் பதிவேடுகளையும் காட்டுங்கள் என்று கேட்கிறார். நிறுவனம் மறுக்க, வழக்கு மினசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் தோற்றார். உங்களுக்குப் பங்கின் லாப நஷ்டத்தில் அக்கறை இல்லை, உங்கள் அரசியல் கொள்கைக்காக வந்திருக்கிறீர்கள், அது முறையான நோக்கம் அல்ல என்றது நீதிமன்றம். பில்ஸ்பரி நேரில் கேட்டுப் பெற முடியாத பதிவேட்டின் நிழலாவது எனக்கு இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. நிழல்தான், பதிவேடு அல்ல.

ஹனிவெல் என்ற பெயரைப் படித்ததும் எழுந்து பட்டறைக்குப் போனேன். ராத்திரி ஒன்பது மணி. காவல்காரர் பயந்துவிட்டார். 1994இல் வாங்கிய டை காஸ்டிங் எந்திரத்தின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு லிமிட் சுவிட்ச், தீப்பெட்டி இரண்டு சேர்த்த அளவு. கதவு மூடாமல் எந்திரம் ஓடாது. பையன்களின் விரல்களைக் காப்பாற்றும் சுவிட்ச். நானே திருகி மாட்டியது. துணியால் எண்ணெய் துடைத்தேன். ஹனிவெல்.

அதே கம்பெனியா? இதற்கும் ஒரு வாரம் போனது. 1990இல் ஹனிவெல் தன் ஆயுதத் தொழிலைப் பிரித்து அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ் என்று தனியாக விட்டது. அது 2015இல் இன்னொன்றோடு சேர்ந்து ஆர்பிட்டல் ஏடிகே ஆனது. 2018இல் நார்த்ராப் குரம்மன் அதை வாங்கியது. மிச்சமிருந்த ஹனிவெல்லை 1999இல் அலைடு சிக்னல் வாங்கிக்கொண்டு, தன் பெயரை விட்டுவிட்டு ஹனிவெல் பெயரை வைத்துக்கொண்டது. குண்டு வார்த்த பிரிவு பெயரை விட்டுவிட்டுப் போனது. பெயரோ வேறு வீட்டுக்குப் போனது. எங்கள் தொழிலில் இது சகஜம். பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு உலை, தம்பிக்குப் போர்டு.

சுவிட்சைக் கழற்றவில்லை. கழற்றினால் பையன்களின் கைக்கு யார் பொறுப்பு?

கரண்டிக்குத் திரும்புகிறேன். வாங்குவதற்கு முன் ஒரு நெருடல் உங்களுக்கும் வர வேண்டும். கழிவுக்கு விலை இருக்கும்வரை அதைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் இருப்பார்கள். பழைய இரும்புக்காகத் தோண்டி உயிரையும் கையையும் இழந்தவர்கள் அந்த நாட்டில் ஏராளம். காயலான் கடைத் தராசில் ஏறும் எதுவும் எங்கிருந்து வந்தது என்று நான் வியாபாரத்தில் கேட்டதில்லை, அங்கே கேட்டேன். தகட்டை வாங்கும் முன் பார்த்து வாங்குவதாக அந்த அம்மாள் சொன்னதை வழிகாட்டி மொழிபெயர்த்தான். நம்பினேன். நீங்கள் நம்பாவிட்டால் கரண்டியை விட்டுவிட்டு, வியன்டியானில் கோப் மையத்தின் உண்டியலில் அந்தப் பணத்தைப் போடுங்கள். செயற்கைக் கால் செய்து கொடுக்கிறார்கள்.

கிளம்பும்போது கரண்டியைத் திருப்பிக் காட்டி, "உங்கள் அடையாளம் ஏன் இல்லை?" என்று கேட்கச் சொன்னேன். பையன் கேட்டான். அவர் நெடுநேரம் சிரித்தார். "இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யார் வார்த்தது என்று" என்றாராம்.

மதிப்பெண்: வேலைத்திறனுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் அந்தக் காற்றுத் துளைக்கு. சாவிக்கொத்துக்கு எதுவும் கிடையாது. ஆவணக் காப்பகத்தின் சேவைக்கு நான்கு; குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கரண்டியைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். எந்தக் கலவை உள்ளே கலந்திருக்கிறது என்று சோதனைச்சாலையில்தான் தெரியும், ஈயம்கூட இருக்கலாம். என் மனைவி அதைக் கோலமாவு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

விமான நிலையத்தில் கரண்டியை ஒன்றும் சொல்லவில்லை. சாவிக்கொத்தைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.